உறவா, அயலா? நியூரல் நெட்வொர்க் செஸ் எஞ்சின்களின் ஒப்புமையை அளக்க ஒரு வழிகாட்டி

இரண்டு நியூரல் நெட்வொர்க் செஸ் எஞ்சின்களுக்குப் பத்தாயிரம் நிலைகளைக் கொடுத்து, எத்தனை நிலைகளில் இரண்டும் ஒரே நகர்வைத் தேர்ந்தெடுக்கின்றன என்று எண்ணிவிட்டால், ஒன்று மற்றொன்றின் நகலா இல்லையா என்பது தெரிந்துவிடும் என்று நம்பித்தான் நான் தொடங்கினேன். மூன்று வாரங்கள் கணினியை ஓடவிட்டுத் தயாரித்த அட்டவணையை முழுவதுமாகக் கைவிட வேண்டியதாயிற்று. எண்ணிக்கையில் சில பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்திய பிறகும், அந்த எண்களுக்கு நான் கொடுத்திருந்த பொருள் தவறாகவே இருந்தது. ஒப்புமை என்பது ஓர் அளவு. நகல் என்பது ஒருவர்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போவதற்கு இடையில் பல சோதனைகள் தேவைப்படுகின்றன, அவற்றுள் பெரும்பாலானவற்றை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதே வேலையில் இறங்கும் உங்களுக்கு அந்த மூன்று வாரங்கள் மிச்சமாகட்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். எஞ்சினைக் கட்டளைச் சாளரத்தில் இயக்கவும் பைத்தானில் சிறிய நிரல் எழுதவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. கேள்வியைப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்

"இந்த எஞ்சின் சொந்த ஆக்கமா?" என்பது ஒற்றைக் கேள்வி அல்ல. நகர்வுகளை முன்னோக்கி ஆராயும் தேடல் நிரல், நிலையை மதிப்பிடும் நியூரல் நெட்வொர்க்கான வலையின் கட்டமைப்பு, பயிற்சியில் கற்ற எண்களான வலையின் எடைகள், பயிற்சி நிரல், பயிற்சித் தரவு என்று ஐந்து அடுக்குகள் உள்ளன, ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆட்கள் செய்திருக்கலாம். தேடலை முழுக்கத் தானே எழுதிவிட்டுப் பிறருடைய எடைக் கோப்பை வைத்திருப்பவர் ஒருவர். தேடலைக் கடன் வாங்கி வலையை மட்டும் தானே பயிற்றுவித்தவர் இன்னொருவர். எல்லாமே சொந்தம், ஆனால் தரவு மட்டும் லீலா செஸ் ஜீரோ என்ற திறமூல எஞ்சின் திட்டம் வெளியிட்டது என்பவர் மூன்றாமவர். எஞ்சின்களுக்கென்றே நடக்கும் டிசிஇசி போட்டி இத்தகைய எஞ்சின்களின் தனித்தன்மையைப் பரிசீலித்தபோது, பயிற்சி நிரல், எடைக் கோப்போடு கூடிய வலை, வலையை இயக்கும் எஞ்சின் என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்ததும் இதனால்தான்.

நீங்கள் செய்யப்போகும் சோதனைகளும் வேறு வேறு அடுக்குகளையே பார்க்கின்றன. நகர்வு ஒப்புமை எல்லா அடுக்குகளையும் கலந்து ஒரே எண்ணாகத் தருகிறது. ஒரே நிலைகளுக்கு இரு வலைகள் தரும் மதிப்புகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று பார்க்கும் மதிப்பீட்டு ஒட்டுறவு, வலையையும் தரவையும் சேர்த்துக் காட்டுகிறது. எடை ஒப்பீடு எடைகளை மட்டும் பார்க்கிறது. தேடல் ஆராயும் நிலைகளின் எண்ணிக்கையான கணு எண்ணிக்கை தேடலை மட்டும் பார்க்கிறது. எந்த அடுக்கைப் பற்றிய கேள்வி என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிவைத்துவிட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

2. ஆவணங்களை முதல் நாளே திரட்டுங்கள்

ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஓர் எளிய உரைக் கோப்பைத் தொடங்கி, பதிப்பு எண், மூல நிரல் எந்தத் திருத்த அடையாளத்திலிருந்து (கமிட்) எடுக்கப்பட்டது, நீங்களே தொகுத்ததா அல்லது ஆயத்தமாக இறக்கியதா, இயங்கு கோப்பின் ஷா-256 மதிப்பு (கோப்பின் கைரேகை போன்றது), எடைக் கோப்பின் பெயரும் அதன் ஷா-256 மதிப்பும், உரிமத்தின் முழு வாசகம், பயிற்சித் தரவு பற்றி ஆசிரியர் எழுதியிருப்பது ஆகியவற்றை அதில் பதியுங்கள். இதைப் பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போட்டால், இரண்டு வாரம் கழித்து எந்த எண் எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்பது உங்களுக்கே தெரியாமல் போகும்.

ஸ்டாக்ஃபிஷ் என்ற திறமூல எஞ்சினின் வலைக் கோப்புகளின் பெயரில் வரும் 12 எழுத்துகள் அந்தக் கோப்பின் ஷா-256 மதிப்பின் முதல் 12 எழுத்துகளே. ஆகவே பெயரும் மதிப்பும் பொருந்தவில்லை என்றால், கோப்பு மாற்றப்பட்டிருக்கிறது அல்லது பெயர் மாற்றப்பட்டிருக்கிறது. அந்த வகைக் கோப்பின் தொடக்கத்தில் ஒரு பதிப்பு எண்ணும், கட்டமைப்பைக் குறிக்கும் ஓர் எண்ணும், ஒரு விவரணை வாக்கியமும் இருக்கும். பைட்டுகளைக் காட்டும் எந்தக் கருவியாலும் அதைப் படித்துவிடலாம். ஆனால் விவரணை வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுத முடியும் என்பதால் அதை நம்பி எதையும் முடிவுசெய்யாதீர்கள். 2024-இல் வெளிவந்த ஸ்டாக்ஃபிஷ் 16.1 முதல் பெரியதும் சிறியதுமாக இரண்டு வலைகள் உள்ளன என்பதையும் நினைவில் வையுங்கள். ஒன்றை மட்டும் ஒப்பிட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர்.

உரிமத்தைப் படிப்பது சலிப்பூட்டும் வேலை என்றாலும் தவிர்க்கக் கூடாதது. ஸ்டாக்ஃபிஷ், லீலா இரண்டுமே ஜிபிஎல் 3 உரிமத்தில் வெளியாகின்றன. அந்த உரிமப்படி ஒருவர் நிரலை எடுத்து மாற்றி வெளியிடலாம், மூல நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். 2021-இல் ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் செஸ்பேஸ் என்ற செஸ் மென்பொருள் நிறுவனத்தின்மீது தொடுத்து, 2022 நவம்பரில் சமரசத்தில் முடிந்த வழக்கு உரிம மீறலைப் பற்றியது. ஆகவே ஓர் எஞ்சின் மற்றொன்றின் வழிவந்தது என்பது மட்டுமே தவறாகிவிடாது. அதை வெளிப்படையாகச் சொல்லி உரிமத்தைப் பின்பற்றியிருக்கிறார்களா என்பதே கேள்வி.

3. செலவையும் நேரத்தையும் கணக்கிடுங்கள்

மென்பொருளுக்குச் செலவு எதுவும் இல்லை. பைத்தான், அதன் செஸ் நூலகம், எண் கணிப்பு நூலகங்கள், பெரும்பாலான எஞ்சின்கள் எல்லாம் இலவசம். செலவாவது கணினி நேரமும் மின்சாரமும்தான். ஒற்றை இழையில் (த்ரெட்) வினாடிக்குப் 10 லட்சம் கணுக்கள் ஓடும் கணினியில், ஒரு நிலைக்கு 1,00,000 கணுக்கள் என்று வைத்தால் 10,000 நிலைகளுக்கு 1,000 வினாடிகள், அதாவது ஏறத்தாழ 17 நிமிடங்கள் ஆகும். இருபது எஞ்சின்களுக்கு ஐந்தரை மணி நேரம். ஒவ்வோர் எஞ்சினும் ஒருமுறை ஓடினால் போதும். இருபது எஞ்சின்களிலிருந்து கிடைக்கும் 190 இணைகளை ஒப்பிடுவது சில வினாடி வேலை. லீலா போன்ற பெரிய வலைகளுக்கு மட்டும் ஜிபியூ தேவைப்படும். ஆனால் ஒரு கணு அளவில் வலையின் விடையை மட்டும் கேட்பதாக இருந்தால் சாதாரணக் கணினியிலேயே ஓரிரவில் முடித்துவிடலாம்.

நேரம் உண்மையில் போகுமிடம் ஓட்டத்தில் இல்லை. நிலைகளைத் திரட்டிச் சலிப்பதற்கு இரண்டு மூன்று நாட்கள், அமைப்புகளைச் சரிபார்க்க ஒரு நாள், எடைக் கோப்புகளைப் படிக்கும் நிரலை எழுத ஒரு வாரம் என்று ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

4. நிலைத் தொகுப்பைக் கவனமாகத் திரட்டுங்கள்

முடிவின் தரம் இந்தப் படியில்தான் தீர்மானமாகிறது. டான் டெய்லி எழுதிய சிம் என்ற பழைய ஒப்புமைச் சோதனைக் கருவியில் 8,238 நிலைகள் உண்டு. அந்த அளவு இன்றும் பொருத்தமானதே. ஆனால் தொகுப்பை நீங்களே உருவாக்கினால் அதில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

லிச்செஸ் தளம் தன் ஆட்டங்கள் அனைத்தையும் எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்துடன் மாதவாரியாக வெளியிடுகிறது. அண்மை மாதங்களின் கோப்புகள் மிகப் பெரியவை. அவற்றை இறக்கி நாள்களை வீணாக்காதீர்கள். 2013 ஜனவரிக் கோப்பில் 1,21,332 ஆட்டங்கள்தான் உள்ளன, சில நிமிடங்களில் இறங்கிவிடும், உங்கள் தேவைக்கு அதுவே மிகுதி. ஆடியவர்கள் பலவீனமானவர்களாக இருப்பதும் இங்கே ஒரு வசதி. எந்த எஞ்சினின் சாயலும் படியாத நிலைகள் உங்களுக்குக் கிடைக்கின்றன.

ஓர் ஆட்டத்திலிருந்து ஒரு நிலை மட்டுமே எடுங்கள். முதல் 12 நகர்வுகளைத் தவிர்த்துவிடுங்கள். ராஜாவுக்கு முற்றுகை (செக்) உள்ள நிலைகள், ஏழு காய்களும் அதற்குக் குறைவாகவும் உள்ள நிலைகள், பத்துக்கும் குறைவான நகர்வுகளே சாத்தியமான நிலைகள் ஆகியவற்றை நீக்குங்கள். தன் ராணி வெட்டப்பட்டதற்குப் பதிலடியாக எதிரியின் ராணியை வெட்டியே ஆக வேண்டிய நிலையில் உலகிலுள்ள எல்லா எஞ்சின்களும் ஒன்றுபோல்தான் ஆடும். அத்தகைய நிலைகள் தொகுப்பில் மிகுந்தால் எல்லா இணைகளின் விழுக்காடும் செயற்கையாக ஏறிவிடும். உத்திப் புதிர்த் தொகுப்புகளைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான்: அங்கே ஒரே சரியான விடைதான் உண்டு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல நகர்வுகள் ஏறத்தாழச் சமமாக உள்ள "திறந்த" நிலைகளை மட்டும் பொறுக்க வேண்டும் என்று எண்ணி, ஓர் எஞ்சினைக் கொண்டு சிறந்த இரு நகர்வுகளின் மதிப்பைக் கணக்கிட்டு, வேறுபாடு சிறிதாக இருக்கும் நிலைகளை எடுத்துக்கொள்வோம். அப்படிச் செய்யும்போது அந்த எஞ்சினும் அதன் உறவினர்களும் தடுமாறும் நிலைகளாகவே தொகுப்பு சாய்ந்துவிடும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு எஞ்சின்களும் திறந்த நிலை என்று ஒப்புக்கொள்பவற்றை மட்டும் எடுங்கள். அந்த இரண்டும் நீங்கள் அளக்கப்போகும் பட்டியலில் இருக்கக் கூடாது.

5. எல்லா எஞ்சின்களையும் ஒரே தளத்தில் நிறுத்துங்கள்

இழை ஒன்று. ஆராய்ந்த நிலைகளைச் சேமிக்கும் நினைவகமான ஹாஷின் அளவு எல்லோருக்கும் ஒன்று. சில காய்களே உள்ள நிலைகளின் முடிவுகளைச் சொல்லும் கடைசி ஆட்ட அட்டவணைகள், திறப்பு நூல், சமநிலையைத் தவிர்க்கத் தூண்டும் கன்டெம்ப்ட் அமைப்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் முன்பு புதிய ஆட்டம் என்று அறிவிக்கும் யூசிஐ (எஞ்சினோடு பேசும் பொது நெறிமுறை) கட்டளையை அனுப்புங்கள். இல்லாவிட்டால் முந்தைய நிலையில் நிரம்பிய ஹாஷ் அடுத்த நிலையின் விடையை மாற்றும். நேரத்தை அளவாகக் கொடுக்காமல் கணு எண்ணிக்கையைக் கொடுங்கள். நேர அளவில் ஓட்டினால், பின்னணியில் வேறொரு நிரல் விழித்துக்கொண்ட நொடியில் விடைகள் மாறும்.

ஆனால் கணு என்பது எல்லா எஞ்சினிலும் ஒரே பொருளுடையதல்ல. ஸ்டாக்ஃபிஷ் வகைத் தேடலில் ஒரு கணு மிக மலிவானது. லீலாவில் ஒரு கணுவுக்குப் பெரிய வலை முழுவதும் ஒருமுறை ஓட வேண்டும். இரு குடும்பங்களையும் ஒரே கணு எண்ணிக்கையில் ஒப்பிட்டால் ஒன்றை அரைத்தூக்கத்திலும் மற்றொன்றை விழிப்பிலும் ஒப்பிடுவதாகிவிடும். குடும்பத்துக்குள் கணு அளவைச் சமமாக வையுங்கள். குடும்பங்களுக்கு இடையே ஒப்பிட வேண்டுமானால் ஆட்ட வலிமை நெருங்கிவரும் அளவுகளைத் தேடிக்கண்டு வையுங்கள்.

நகர்வைப் பதியும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. கோட்டை கட்டுவதைச் சாதாரண முறையில் இ1ஜி1 என்று எழுதும் எஞ்சின், தொடக்கக் காய் வரிசையைக் கலைத்து ஆடும் செஸ்960 முறை இயக்கப்பட்டிருந்தால் ராஜா தன் கோட்டையின் கட்டத்துக்கே போவதாக இ1எச்1 என்று எழுதும். இரண்டும் ஒரே நகர்வு. நிரலோ வேறு வேறு என்று எண்ணிவிடும். விடைகளை அப்படியே ஒப்பிடாமல், செஸ் நூலகத்தின் வழியே பலகையில் ஆடிப்பார்த்து, ஆடிய பின் கிடைக்கும் நிலைகளை ஒப்பிடுங்கள்.

6. சந்தேகத்துக்குரிய எஞ்சினைத் தொடும் முன் அளவுகோலைச் சரிபாருங்கள்

இந்தப் படியைத் தவிர்த்ததுதான் நான் செய்த பெரிய பிழை. முதலில் ஓர் எஞ்சினை அதனோடேயே ஒப்பிடுங்கள். ஒரே அமைப்பில் இருமுறை ஓட்டினால் 100 விழுக்காடு வர வேண்டும். வராவிட்டால் ஐந்தாம் படியில் எதையோ தவறவிட்டிருக்கிறீர்கள். ஜிபியூவில் ஓடும் வலைகளில் தசமக் கணக்கின் வரிசை மாறுவதால் மிகச் சில நிலைகள் வேறுபடலாம், அந்த எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அதே எஞ்சினை இரட்டிப்புக் கணுக்களில் ஓட்டி ஒப்பிடுங்கள். இது உங்கள் உச்சவரம்பு. தேடல் சற்று ஆழமானதால் மட்டும் எவ்வளவு மாறும் என்பதை இது சொல்கிறது. பிறகு, வழிவந்தவை என்று வெளிப்படையாகத் தெரிந்த இணைகள், அதாவது ஒரே எஞ்சினின் அடுத்தடுத்த பதிப்புகள். கடைசியாக, உறவில்லாதவை என்று உறுதியாகத் தெரிந்த இணைகள்.

கடைசி வகையைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. ஸ்டாக்ஃபிஷும் லீலாவும் தேடலிலும் கட்டமைப்பிலும் முற்றிலும் வேறானவை என்பதால் அவற்றையே அயல் இணையாக நான் வைத்திருந்தேன். ஆனால் 2021-இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 14-இன் வலையே லீலா திட்டத்தின் தரவைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. தரவு அடுக்கில் அவை நெருங்கிய உறவு. சுயமாக ஆடிக் கற்ற லீலா வலை ஒன்றையும், கடைசி ஆட்ட அட்டவணைகளின் முடிவுகளில் தொடங்கிப் பின்னோக்கிப் பயிற்றுவிக்கப்பட்ட சீயர் என்ற எஞ்சினையும் போன்ற, மதிப்பீட்டைப் பிறரிடமிருந்து கடன் வாங்காத இணைகளே நல்ல அடித்தளம்.

இந்த நான்கு வகை இணைகளின் எண்களும் கைக்கு வந்த பிறகுதான் உங்கள் தொகுப்பில், உங்கள் கணு அளவில், எந்த விழுக்காடு நெருக்கம், எது தொலைவு என்று சொல்ல முடியும். வேறொருவர் வேறொரு தொகுப்பில் கண்ட எல்லைக்கோட்டை இரவல் வாங்காதீர்கள்.

7. நகர்வு ஒப்புமை

எண்ணுவது எளிது, படிப்பது கடினம். ஒரு விழுக்காட்டின் திட்டப்பிழையைக் கணக்கிட, பொருந்திய விகிதத்தையும் பொருந்தாத விகிதத்தையும் பெருக்கி, நிலைகளின் எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். பாதி நிலைகளில் பொருத்தம் என்றால், 1,000 நிலைகளில் 95 விழுக்காட்டு நம்பிக்கையுடன் (திட்டப்பிழையின் ஏறத்தாழ இரு மடங்கு) கூட்டல் கழித்தல் 3 விழுக்காடு தடுமாற்றம் உண்டு. 10,000 நிலைகளில் அது 1 விழுக்காடாகக் குறைகிறது. ஆயிரம் நிலைகளை வைத்துக்கொண்டு இரண்டு விழுக்காட்டு வேறுபாட்டுக்கு விளக்கம் எழுதுவது வீண் வேலை.

இன்னும் முக்கியமானது வலிமையின் தாக்கம். எஞ்சின்கள் வலுவாக வலுவாகச் சரியான நகர்வை நோக்கி எல்லாமே குவிகின்றன. ஆகவே மிக வலுவான இரண்டு எஞ்சின்கள் உறவின்றியே நெருக்கமாகத் தெரியும், ஒரு நகலும் அதன் மூலமும் வலிமை வேறுபட்டால் விலகித் தெரியும். சம வலிமையுள்ளவற்றை மட்டும் ஒப்பிடுவது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, பிழைகளை ஒப்பிடுவது. தேர்வில் இரண்டு மாணவர்கள் ஒரே சரியான விடையை எழுதியிருப்பதை எந்த ஆசிரியரும் பொருட்படுத்துவதில்லை. ஒரே தவறான விடையை, அதே அடித்தல் திருத்தலோடு எழுதியிருந்தால்தான் நிமிர்ந்து பார்ப்பார். பட்டியலில் இல்லாத ஒரு வலுவான எஞ்சினை நீண்ட நேரம் ஓட்டி ஒரு விடைத்தாள் தயாரித்துக்கொண்டு, இரு எஞ்சின்களும் அதிலிருந்து விலகும் நிலைகளை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றுள் எத்தனையில் இரண்டும் ஒரே "தவறான" நகர்வுக்குப் போகின்றன என்று எண்ணுங்கள். மொத்த விழுக்காட்டைவிட இந்த எண் பல மடங்கு தெளிவாகப் பேசும்.

8. மதிப்பீட்டு ஒட்டுறவு

வலையைத் தேடலிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு நிலைக்கும் வலையின் நேரடி மதிப்பை எடுக்க வேண்டும். பல எஞ்சின்களில் இதற்குத் தனிக் கட்டளை உண்டு, ஆனால் அது யூசிஐ வரையறையில் இல்லாதது, எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். ஒரே எஞ்சினின் இரு பதிப்புகளை ஒப்பிட்டபோது எனக்கு ஒட்டுறவு சுழியத்தை ஒட்டி வந்தது. இரண்டு நாட்கள் நிரலைத் துருவிய பிறகு, ஒரே ஒரு நிலையைக் கையால் எடுத்துப் பார்த்தேன். நகர வேண்டியது கறுப்பு, கறுப்புக்கு ஒரு குதிரை கூடுதல். ஒரு கோப்பில் நேர்மறை எண், மற்றொன்றில் எதிர்மறை. யூசிஐ வழியே வரும் மதிப்பு நகர வேண்டிய பக்கத்தின் பார்வையில் இருக்கும். ஸ்டாக்ஃபிஷின் மதிப்பீட்டுக் கட்டளை வெள்ளையின் பார்வையில் அச்சிடும். ஒரு பதிப்பின் மதிப்பை ஒரு வழியிலும் மறு பதிப்பின் மதிப்பை இன்னொரு வழியிலும் எடுத்திருந்தேன். கறுப்பு நகரும் பாதி நிலைகளில் குறி தலைகீழாகி எல்லாவற்றையும் அழித்துவிட்டது. பத்து நிலைகளையாவது கையால் சரிபார்க்காமல் பத்தாயிரத்தை ஓட்டாதீர்கள்.

அளவைகளும் வேறுபடும். ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல், 100 சென்டிபான் (பெயரளவில் ஒரு சிப்பாயின் மதிப்பு) என்பது 50 விழுக்காட்டு வெற்றி வாய்ப்பு என்று சீராக்கப்பட்டிருக்கிறது. மற்றவை தத்தம் அளவில் பேசுகின்றன. ஆகவே எண்களை நேராக ஒப்பிடாமல், அவற்றின் ஏறுவரிசையை மட்டும் பார்க்கும் ஸ்பியர்மேன் தர ஒட்டுறவைப் பயன்படுத்துங்கள். வலையின் விடைக்கு மேல் சில எஞ்சின்கள் காய் எண்ணிக்கை, 50 நகர்வு விதி ஆகியவற்றுக்கான திருத்தங்களைச் சேர்க்கின்றன என்பதால், முடிந்தால் திருத்தத்துக்கு முந்தைய எண்ணை எடுங்கள்.

ஒட்டுறவு எப்போதும் மிக உயர்வாகவே வரும், அதைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரு ராணி கூடுதலாக இருந்தால் வெற்றி என்பது எல்லா வலைகளுக்கும் தெரியும். காய்கள் இரு பக்கமும் சமமாக உள்ள நிலைகளை மட்டும் எடுத்து மறுபடியும் கணக்கிடுங்கள். பயன்படும் எண் அதில்தான் கிடைக்கும். அதிலும் உயர்வு என்றால், பொதுத் தரவோ பொது வலையோ இருக்க வாய்ப்புண்டு. எது என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

9. எடைக் கோப்புகளைத் திறந்து பாருங்கள்

இது கடினமான படி, ஆனால் மிக உறுதியான சான்று இங்கேதான் கிடைக்கிறது. இன்று புதிய எஞ்சின்கள் பலவற்றில் காணப்படும் எளிய வலையை எடுத்துக்கொள்வோம்: 12 வகைக் காய்கள், 64 கட்டங்கள், ஆக 768 உள்ளீடுகள், நடுவில் 1,024 நரம்பணுக்கள், கடைசியில் ஓர் எண். எடைகள் இரண்டு பைட் முழு எண்களாக இருந்தால் முதல் அடுக்கு மட்டும் 15,72,864 பைட்டுகள். கோப்பின் அளவைப் பார்த்தே கட்டமைப்பை ஊகித்துவிடலாம். எடைகள் இயங்கு கோப்புக்குள்ளேயே பொதிக்கப்பட்டிருப்பது வழக்கம் என்பதால் மூல நிரல் களஞ்சியத்தில் கோப்பைத் தேடுங்கள்.

கட்டமைப்பு ஒன்றாக இருப்பது எதற்கும் சான்றல்ல. புல்லட் என்ற பயிற்சிக் கருவியின் எடுத்துக்காட்டு நிரலில் 255, 64, 400 ஆகிய எண்கள் அளவையாக்கத்துக்கு (தசம எடைகளை முழு எண்களாக்குவதற்கு) இருக்கின்றன. அதைப் பார்த்துத் தொடங்கும் எவருடைய எஞ்சினிலும் அதே மூன்று எண்கள் இருக்கும். இதைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணி யாரையும் குற்றம் சாட்டிவிடாதீர்கள்.

எடைகளை ஒப்பிடும் முன் இரண்டு சீராக்கங்கள் தேவை. முதலாவது, உள்ளீட்டு வரிசை. ஒருவர் ஏ1 கட்டத்தைச் சுழியம் என்று எண்ணுவார், இன்னொருவர் ஏ8 கட்டத்தை. காய்களின் வரிசையும், தன் பக்கம் எதிர்ப்பக்கம் என்ற வரிசையும் மாறலாம். இதைச் சரிசெய்யாவிட்டால் ஒரே வலைகூடத் தனக்குத் தானே அந்நியமாகத் தெரியும். இரண்டாவது, நரம்பணுக்களின் வரிசை. நடு அடுக்கிலுள்ள 1,024 நரம்பணுக்களை எப்படிக் குலுக்கி அடுக்கினாலும், அடுத்த அடுக்கையும் அதே வரிசையில் மாற்றிவிட்டால் விடை மாறாது. ஆகவே மறைக்க நினைப்பவர் குலுக்கிவைத்திருக்கலாம். ஒரு வலையின் ஒவ்வொரு நரம்பணுவின் 768 எடைகளையும் மற்ற வலையின் ஒவ்வொன்றோடும் கொசைன் ஒப்புமையில் அளந்து, கிடைக்கும் 1,024-க்கு 1,024 அட்டவணையில் ஹங்கேரிய ஒதுக்கீட்டு முறையால் சிறந்த இணைகளைப் பொருத்துங்கள். பைத்தானில் இதற்கு ஆயத்தமான கட்டளை உண்டு. குலுக்கப்பட்ட ஒரே வலை என்றால் இணைகள் எல்லாம் 1-ஐ ஒட்டி நிற்கும். வேறு வேறு தொடக்கத்திலிருந்து பயிற்றுவிக்கப்பட்ட வலைகள் தெளிவாகக் கீழே நிற்கும். எவ்வளவு கீழே என்பதை அறிய, ஒரே தரவில் வேறு தொடக்கங்களோடு நீங்களே இரண்டு சிறிய வலைகளைப் பயிற்றுவித்துப் பார்ப்பதே வழி.

நான் மிகவும் பயனுள்ளதாகக் கண்ட ஒரு நுட்பத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சிப்பாய் முதல் வரிசையிலும் எட்டாம் வரிசையிலும் ஒருபோதும் நிற்க முடியாது. ஆகவே 768 உள்ளீடுகளில், இரு பக்கச் சிப்பாய்களுக்கும் 16 வீதம் 32 உள்ளீடுகள் பயிற்சியின்போது ஒருமுறைகூட இயங்குவதில்லை. அவற்றின் எடைகள் தொடக்கத்தில் போடப்பட்ட தற்செயல் எண்களாகவே தங்கிவிடும், அல்லது எடைத் தேய்வு சேர்த்துப் பயிற்றுவித்திருந்தால் சீராகச் சுருங்கிச் சுழியமாகிவிடும். ஒரு நரம்பணுவின் சிப்பாய் எடைகளை 8-க்கு 8 படமாக வரைந்து பாருங்கள்: நடு ஆறு வரிசைகளில் ஓர் ஒழுங்கும், மேலும் கீழும் இரண்டு வரிசைகளில் வெறும் இரைச்சலோ சுழியமோ தெரியும். ஏ1 எந்தப் பக்கம் எண்ணப்பட்டிருக்கிறது, எந்த 64 எண்கள் சிப்பாய்க்கு உரியவை என்பதைக் கண்டறிய இந்தப் படம் உதவும். அதைவிட முக்கியம், சுழியமாகாத இந்த இரைச்சல் இரண்டு வலைகளில் எண்ணுக்கு எண் பொருந்தினால், இரண்டும் ஒரே தொடக்கத்திலிருந்து வந்தவை. ஒன்றை எடுத்து மேலும் பயிற்றுவித்து மற்றொன்று உருவாகியிருக்கலாம். ஆனால் பயிற்சிக் கருவி எப்போதும் ஒரே விதை எண்ணிலிருந்து (தற்செயல் எண்களின் வரிசையைத் தீர்மானிக்கும் எண்) தொடங்குவதாக இருந்தால், ஒருவரையொருவர் அறியாத இருவரின் வலைகளிலும் அதே இரைச்சல் இருக்கும். கருவியின் நிரலில் விதை எண் நிலையானதா என்று பார்த்துவிட்டே அடுத்த வார்த்தையை எழுதுங்கள்.

நரம்பணுக்களின் எண்ணிக்கையே வேறு என்றால் எடைகளை நேராகப் பொருத்த முடியாது. அப்போது அதே நிலைகளைக் கொடுத்து நடு அடுக்கின் வெளியீடுகளை எடுத்து, சிகேஏ எனப்படும் மையப்படுத்திய கெர்னல் ஒப்புமையைக் கணக்கிடலாம். அது குலுக்கலால் மாறாது. அதற்கும் ஆறாம் படியின் அடித்தள எண்கள் வேண்டும்.

10. தேடலுக்குக் கணு எண்ணிக்கை

இது பத்து நிமிட வேலை. இரு எஞ்சின்களிலும் ஒரே வலையை ஏற்ற முடியுமானால் ஏற்றி, ஒற்றை இழையில், நிலையான ஆழத்தில், ஐம்பது நிலைகளை ஓட்டி முடிவில் அச்சாகும் கணு எண்ணிக்கைகளை ஒப்பிடுங்கள். தனித்தனியே எழுதப்பட்ட இரண்டு தேடல்கள் ஓர் ஆழத்தில் கடைசி இலக்கம் வரை ஒரே எண்ணைத் தருவது தற்செயலாக நடப்பதில்லை. எண்கள் வேறுபட்டால் அதிலிருந்து எதையும் முடிவுசெய்ய முடியாது. ஒரு சிறு மாறிலியைத் திருத்தினாலே எல்லா எண்களும் மாறிவிடும். அப்போது மூல நிரலை வரிவரியாகப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

11. பயிற்சித் தரவைக் கேட்டு அறியுங்கள்

தரவின் மூலத்தை வெளியிலிருந்து அளந்து நிறுவும் நம்பகமான சோதனை என் கைக்கு எட்டவில்லை. ஆசிரியரிடம் கேளுங்கள். தரவை உருவாக்கிய நிரல், அதன் நாட்பதிவு, கோப்பு அளவு, முதல் தலைமுறை வலை எதிலிருந்து தொடங்கியது என்ற நான்கும் பெரும்பாலும் களஞ்சியத்தின் திருத்த வரலாற்றிலேயே இருக்கும். பிறர் வெளியிட்ட தரவைப் பயன்படுத்தியதாக ஆசிரியரே எழுதியிருந்தால், எட்டாம் படியில் கண்ட உயர்ந்த ஒட்டுறவுக்கு அதுவே போதுமான விளக்கம்.

12. வெளியிடும் முன் ஆசிரியருக்கு அனுப்புங்கள்

அறிக்கையில் நிலைத் தொகுப்பு, எஞ்சின் அமைப்புகள், இரண்டாம் படியின் உரைக் கோப்புகள், அடித்தள இணைகளின் எண்கள், திட்டப்பிழைகள், நிரல் ஆகிய அனைத்தும் இருக்கட்டும். மற்றொருவர் அதே கோப்புகளைக் கொண்டு அதே எண்களைப் பெற முடிய வேண்டும். "நகல்" என்ற சொல்லை எழுதாமல், எந்த அடுக்கில் எவ்வளவு ஒப்புமை, அது அடித்தள இணைகளில் எதற்கு நெருக்கம் என்று எழுதுங்கள். இந்த எஞ்சின்களைப் பலரும் தங்கள் ஓய்வு நேரத்தில், பல ஆண்டுகள் உழைத்து எழுதுகிறார்கள். தவறான ஒரு வரி அவர்களை இந்தத் துறையைவிட்டே விலக்கிவிடும்.

வரைவை ஆசிரியருக்கு அனுப்பி இரண்டு வாரமாவது காத்திருங்கள். அனுப்பும்போது மூன்று கேள்விகளைச் சேர்த்து அனுப்புங்கள்: எடைக் கோப்பின் ஷா-256 மதிப்பு நான் பதிந்ததுதானா, வலை எந்தத் தரவில் பயிற்றுவிக்கப்பட்டது, பயிற்சியின் விதை எண் எது. விடை வந்தால் அதை அப்படியே அறிக்கையின் முதல் பக்கத்தில் சேருங்கள். வராவிட்டால் எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்பதை மட்டும் குறிப்பிடுங்கள்.